வெள்ளைத்துணியின் மறுபக்கம்: திரையுலக ஆவணப்படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களைக் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தின் ஓரம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்பக்கம் பாய் விரிக்க இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். அங்கிருந்து பார்த்தால் பெயர்கள் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பி ஓடும்; வலக்கையால் வாள் வீசும் நாயகன் இடக்கையால் வீசுவான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அப்பா, எம்.ஜி.ஆர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று பத்து வயது வரை நம்பியிருந்ததாகச் சொல்லிச் சிரிப்பார். அவர் உட்கார்ந்திருந்தது திரைக்குப் பின்னால்தான்; ஆனால் அங்கேயும் அவர் பார்த்தது துணியில் விழுந்த படத்தைத்தான்.

எங்கள் ஊரில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்த ஆறு பிள்ளைகள், ஓர் உறுமி மேளக் குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தபோது அப்பாவின் இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. நடிகர்களைப் பற்றியும் பாடகர்களைப் பற்றியும் நெட்ஃபிளிக்ஸில் வந்த படங்கள் பலவற்றை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் படப்பிடிப்பில் எடுத்த மேக்கிங் வீடியோ, நடிகரின் நீண்ட பேட்டி, ஆவணப்படம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எண்ணியிருந்தார்கள். ‘பின்னால் நடந்ததைக் காட்டினால் அது உண்மைதானே, சார்?’ என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொல்லத் தொடங்கிய பதிலின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். ஆவணப்படம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திரைப்படத்தைப் பற்றிப் பேசப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரியர்சன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி சமோவா தீவில் எடுத்த ‘மோனா’ என்னும் படத்துக்கு 1926-இல் எழுதிய மதிப்புரையில் அவர் அச்சொல்லை ஆண்டார். நடந்ததை அப்படியே எடுத்துவைப்பது அவர் கருத்தில் போதுமானதாக இல்லை. உண்மை நிகழ்வுகளைக் கலைஞனுக்குரிய ஆக்கத்தோடு கையாளுவதையே அவர் ஆவணப்படம் என்றார். கையாளுதல் என்று ஒப்புக்கொண்ட பிறகு, எந்த அளவுக்குக் கையாளலாம் என்னும் கேள்வி கூடவே வந்துவிடுகிறது. அதே ஃபிளாஹர்ட்டி, 1922-இல் வெளிவந்த தமது முதல் படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டச் செய்து, குடும்பத்தை அதற்குள் தூங்கி எழச் சொன்னார். ஆகவே ஏற்பாடு செய்த காட்சி என்பது இந்த வடிவத்தின் தொட்டில் பருவத்திலேயே இருந்திருக்கிறது. நம் காலத்து நட்சத்திரங்கள் கண்டுபிடித்ததன்று.

இனி மேக்கிங் வீடியோவுக்கு வருவோம். ஒரு படம் வெளிவருவதற்கு முன்போ பின்போ, அதே படத்தின் தயாரிப்பாளர் செலவில், அந்தப் படத்தை விற்பதற்காக எடுக்கப்படுவது அது. இயக்குநர் சிரிப்பார், நாயகி மழையில் நனைவார், சண்டைப் பயிற்சியாளர் கயிற்றைக் காட்டுவார், எல்லோரும் ஒரு குடும்பம்போல் இருந்ததாகச் சொல்வார்கள். இதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. சண்டை போட்ட நாளில் கேமராவை அணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆவணப்படம் தொடங்குவது பெரும்பாலும் அந்த அணைக்கப்பட்ட நாளிலிருந்து.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, 1991-இல் வெளிவந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ என்னும் ஆவணப்படத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா, வியட்நாம் போரைப் பற்றிய ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தை எடுக்க 1976-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போனார். சில மாதங்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 238 நாள்களுக்கு இழுத்தது. சூறாவளி வந்து அரங்குகளை அடித்துப்போட்டது. தொடக்கத்திலேயே நாயகனை மாற்ற வேண்டியதாயிற்று; மாற்றாக வந்த மார்ட்டின் ஷீனுக்கு 1977-இல் மாரடைப்பு வந்தது, அப்போது அவருக்கு வயது 36. அரசாங்கத்திடமிருந்து வாடகைக்குப் பெற்ற ஹெலிகாப்டர்கள், கிளர்ச்சியாளர்களை எதிர்த்துப் போரிட வேண்டும் என்று படப்பிடிப்பின் நடுவிலேயே திருப்பி அழைக்கப்பட்டன. செலவு எகிறியபோது கொப்போலா தம் சொந்தச் சொத்துகளையே பிணையாக வைத்தார்.

இவ்வளவையும் கூடவே இருந்து படம் எடுத்தவர் அவருடைய மனைவி எலினோர். அவர் கையில் கேமரா கொடுக்கப்பட்டதே விளம்பரத்துக்கான ஒரு சிறு படம் எடுப்பதற்குத்தான். ஆனால் அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். அதோடு நில்லாமல், தம் படம் படுதோல்வி அடையப்போகிறது என்று கணவர் தனிமையில் புலம்பியதை அவருக்குத் தெரியாமல் ஒலிநாடாவில் பதிவும் செய்தார். அந்தப் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் பல ஆண்டுகள் கிடந்து, பின்னர் ஃபேக்ஸ் பார், ஜார்ஜ் ஹிக்கன்லூப்பர் ஆகிய இருவர் கைக்குப் போய், புதிய பேட்டிகளும் சேர்ந்து, முழு ஆவணப்படமாக வெளிவந்தன. விளம்பரத்துக்காகத் திறந்த கதவு மூடப்படாமலே இருந்துவிட்டதால் கிடைத்த படம் இது. மனைவி என்பதால்தான் அவ்வளவு நெருக்கத்தில் நிற்க முடிந்தது என்பதும், ஒளிந்து பதிவுசெய்த குரலைக் கேட்கும்போது நமக்கு ஒரு கூச்சம் ஏற்படுகிறது என்பதும் சேர்ந்தே நினைக்க வேண்டியவை. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்த ஒலிநாடா வரும் இடங்களில், அடுத்த வீட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்பதைப் போன்ற சங்கடம் எனக்கு எப்போதும் உண்டு.

எடுத்துக்கொண்டிருந்த படமே நின்றுபோய், ஆவணப்படம் மட்டும் மிஞ்சிய கதையும் உண்டு. டெர்ரி கில்லியம் 2000-ஆம் ஆண்டு ஸ்பெயினில் தொடங்கிய டான் கிஹோட்டே படம், போர்விமானங்களின் இரைச்சல், திடீர் வெள்ளம், முதிய நாயகனின் உடல்நலக்கேடு ஆகியவற்றால் சில நாள்களிலேயே நின்றுபோயிற்று; கூடவே எடுத்துக்கொண்டிருந்த இருவரின் காட்சிகள் 2002-இல் ‘லாஸ்ட் இன் லா மாஞ்சா’ என்னும் ஆவணப்படமாயின.

கூடவே நின்று எடுப்பது ஒரு வகை. அன்று யாரும் எடுத்துவைக்காததை இன்று தேடிப்போவது மற்றொரு வகை. நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு நெருக்கமானது இதுதான் என்பேன். மார்கன் நெவில் இயக்கி 2013-இல் வந்த ‘ட்வென்ட்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’, புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பின்னால் நின்று துணைக்குரல் கொடுத்தவர்களைப் பற்றியது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றது. இதில் வரும் டார்லின் லவ் என்பவர் 1962-இல் பாடிய ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. ஆனால் இசைத்தட்டில் அச்சிடப்பட்டிருந்தது வேறொரு பெண்கள் குழுவின் பெயர். பிற்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக அடுத்தவர் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, வானொலியில் தம் குரலையே கேட்டதாக அவர் சொல்கிறார். அதே படத்தில் மெர்ரி கிளேட்டன் என்னும் பாடகி, கர்ப்பிணியாக, தலைமுடிச் சுருட்டிகளைக்கூடக் கழற்றாமல், நள்ளிரவில் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969-ஆம் ஆண்டுப் பாட்டொன்றுக்குக் குரல் கொடுத்த கதையும் வருகிறது. கதையைச் சொல்லவைத்ததோடு இயக்குநர் நிற்கவில்லை. மற்ற இசைக்கருவிகளையெல்லாம் நீக்கிவிட்டு, அவருடைய குரலை மட்டும் தனியாக ஒலிக்கவிடுகிறார். உச்சத்தில் அந்தக் குரல் பிசிறி உடைவது அப்போதுதான் நமக்குக் கேட்கிறது. அரைநூற்றாண்டாகக் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டில் யாரும் தனித்துக் கவனிக்காத ஒன்றை, விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்கவைத்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுத் திரைத்துறையிலும் இவ்வாறு தேடத்தக்க கதைகள் கொட்டிக்கிடக்கின்றன. சிங்கப்பூரில் 1933-இல் எடுக்கப்பட்டு மலாய்ப் படங்களுக்குத் தொடக்கமாக அமைந்த ‘லைலா மஜ்னுன்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ். மலாய்த் திரையின் பெரும் நட்சத்திரமான பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நடிக்கவைத்த ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்த தமிழர். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் இந்திய இயக்குநர்கள் பலர் பணியாற்றினார்கள். ரம்லி 1964-இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்த பிறகு, 1973-இல் இறக்கும் வரை பட்ட இடர்களை, சுஹைமி பாபா இயக்கி 2010-இல் ஹிஸ்டரி சேனலில் ஒளிபரப்பான ஆவணப்படம் விரிவாகப் பேசிற்று. அதுவரை சிரிக்கும் ரம்லியையே பார்த்துப் பழகிய பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பையெல்லாம் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். கிருஷ்ணன் என்னும் பெயரைப் படத்தின் தொடக்க எழுத்துகளில் நிறுத்திக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இவ்வகைப் படத்துக்கு மூலப்பொருள் மூன்று வழிகளில் கிடைக்கும். பழைய படச்சுருள், புகைப்படம், கடிதம், செய்தித்தாள் ஆகியவை ஒன்று. நினைவிலிருந்து பேசுபவர்களின் பேட்டி மற்றொன்று. நடந்த இடத்துக்கு இன்று போய் எடுக்கும் காட்சி மூன்றாவது. இவற்றில் பேட்டியைத்தான் எல்லோரும் எளிது என்று நினைக்கிறார்கள், உண்மையில் அதுவே கடினம். ஏனென்றால் நாற்பது ஆண்டுகளாக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருப்பவரிடம், அந்த மெருகுக்கு முன்னால் இருந்த கதையைக் கேட்டு வாங்குவதற்குப் பொறுமை வேண்டும்.

பழைய காட்சிகளைப் பொறுத்தவரை, அவை யாருடையவை என்பது பெரிய கேள்வி. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க 2024 நவம்பரில் நடந்ததே போதும். நடிகை நயன்தாராவைப் பற்றிய ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவரும் நேரத்தில், 2015-இல் வந்த ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பின்போது எடுத்த சுமார் மூன்று விநாடிக் காட்சி அதன் முன்னோட்டத்தில் இடம்பெற்றது. அந்தப் படத்தின் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பு, பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அனுமதிக்காக ஈராண்டு காத்திருந்தும் கிடைக்கவில்லை என்று நயன்தாரா வெளிப்படையாகக் கடிதம் எழுத, வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒருவர் வாழ்க்கையில் நடந்தது அவருடைய நினைவாக இருக்கலாம், ஆனால் அதைப் பதிவுசெய்த காட்சி சட்டத்தின் பார்வையில் வேறொருவரின் சொத்தாக இருக்கலாம் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். ஓர் ஆவணப்படத்தில் ஒரு நடிகரின் முக்கியமான படத்தைப் பற்றிப் பேச்சே வராமலிருந்தால், அதை மறைத்தார்கள் என்று உடனே எண்ணிவிடக் கூடாது. உரிமை கிடைக்காமலும் போயிருக்கலாம்.

மறைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ (2012) என்னும் படம், அமெரிக்காவில் யாருக்கும் தெரியாமல் போன ரோட்ரிகஸ் என்னும் பாடகர், தமக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும்புகழ் பெற்றிருந்ததைத் துப்பறியும் கதைபோல் சொல்லி ஆஸ்கர் விருது வாங்கிற்று. சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அவர் 1979-இலும் 1981-இலும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மேடைகளில் பாடியிருக்கிறார் என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், முற்றிலும் மறக்கப்பட்ட மனிதர் என்னும் கதை ஓட்டை விழுந்த வாளி ஆகியிருக்கும். பொய் சொல்லாமலேயே பார்ப்பவரை வேறு முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

படத்தொகுப்பில் இதைச் செய்வது எவ்வளவு எளிது என்பதை எங்கள் பிள்ளைகளே ஒருநாள் கண்டுபிடித்தார்கள். உறுமிக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெரியவர், பல ஆண்டுகளுக்கு முன் குழு இரண்டாக உடைந்ததைப் பற்றி, ‘குழு ரெண்டாப் போனதுக்கு நான்தான் காரணம்னு இந்த ஊர்ல பேசிக்கிறாங்க. பேசுறவங்க யாரும் அன்னிக்கு அங்க இல்ல, தம்பி’ என்று சொல்லியிருந்தார். தமிழில் ‘என்று’ என்னும் சொல் கூற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. கணினியில் அமர்ந்திருந்த பையன், விளையாட்டாக, ‘காரணம்’ என்பதற்கும் ‘னு’ என்பதற்கும் நடுவே வெட்டினான். ‘குழு ரெண்டாப் போனதுக்கு நான்தான் காரணம்’ என்று பெரியவர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அதன் பின்னால், வேறொரு நாள் அவர் ஒட்டுக்கடை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை ஒட்டவைத்தான். குற்றவுணர்வில் ஒரு மனிதர் கரைவது போலவே இருந்தது. உண்மையில் அவர் அன்று தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால்தேநீர்) வருவதற்காகக் காத்திருந்தார். எல்லோரும் சிரித்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அந்தத் துண்டை அழித்துவிடும்படி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒருவர் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் வேறு காட்சிக்கு மாறினால், அங்கே ஒரு வெட்டு ஒளிந்திருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளலாம். எல்லா வெட்டும் ஏமாற்று இல்லை; பெரும்பாலானவை இருமலையும் இழுவையையும் நீக்குபவை. குழந்தை நடிகர்கள் பட்ட கொடுமைகளையோ, பெரும் புள்ளிகள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களையோ பேசும் படங்களில் மட்டும் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். அங்கே பேசுபவர் தாம் நேரில் கண்டதைச் சொல்கிறாரா, கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா, குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழி கேட்கப்பட்டதா, அது காட்டப்பட்டதா என்பவை முக்கியம். கடைசியில் கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பலர் படிக்காமல் எழுந்துவிடுகிறார்கள்; மறுமொழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்த எழுத்துகளிலேயே மற்றொரு செய்தியும் இருக்கும்: பணம் போட்டது யார், கதவைத் திறந்துவிட்டது யார். இந்திப் பட இயக்குநரும் தயாரிப்பாளருமான யஷ் சோப்ராவைப் பற்றி 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி ரொமான்டிக்ஸ்’ தொடரைத் தயாரித்தது அவர் குடும்பத்து நிறுவனமே. அதனால்தான் அவ்வளவு நட்சத்திரங்கள் வந்து பேசினார்கள், அவ்வளவு அரிய காட்சிகள் கிடைத்தன. அதே காரணத்தால் வீட்டாருக்குப் பிடிக்காத கேள்வி எதையும் அதில் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் கூடம் வரை போகலாம், சமையலறை வரைகூடப் போகலாம். பூட்டிய அறைக்குச் சாவி கேட்க முடியாது. வெளியாள் எடுக்கும் படத்தில் நிலைமை தலைகீழ். கேள்வி கேட்கச் சுதந்திரம் இருக்கும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். நெருக்கமும் சுதந்திரமும் ஒன்றாகக் கிடைப்பது அரிது.

எங்கள் பிள்ளைகள் இதைத் திருவிழா முடிந்த ஓர் இரவில் நேரிலேயே கண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லாரியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் ஐம்பது வெள்ளித் தாள்களை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார் குழுத்தலைவர். யாருக்கு எவ்வளவு என்னும் கணக்கு அது. சுற்றிலும் ஒரே நிறச் சட்டையில் வேர்த்து நின்ற வாசிப்புக்காரர்கள்; கடைசியில் நின்றவனுக்குப் பதினான்கு வயதுகூட இருக்காது. கேமரா நெருங்கியதும் தலைவர் நிமிர்ந்து, ‘இது வேணாம் தம்பி, இத மட்டும் எடுக்காதீங்க’ என்று சொல்லிக் கையை நீட்டினார். அவர் உள்ளங்கை பெரிதாகி, லென்ஸை மூடி, படம் இருண்டது. ஆனால் பதிவை நிறுத்தச் சில விநாடி தாமதமாகிவிட்டது. இருட்டில், ‘ஏழு, எட்டு’ என்று அவர் எண்ணுவதும், யாரோ உறுமியைக் கீழே வைக்கும்போது வளைகுச்சி தோலில் உரசி அது ஒருமுறை முனகுவதும் பதிவாகியிருந்தன.

அந்தச் சில விநாடிதான் படத்திலேயே உயிருள்ள இடம் என்று மூன்று பேர் சொன்னார்கள். அனுமதி மறுத்த பிறகு பதிவான ஒலி, எலினோரின் ஒலிநாடாவைப் போலத்தான் என்று மற்ற மூன்று பேர் சொன்னார்கள். கடைசியில் அதைத் தலைவரிடமே போட்டுக்காட்டுவது என்று முடிவாயிற்று. ஒட்டுக்கடையில் காதில் காதொலிக் குமிழைப் பொருத்திக்கொண்டு இரண்டு முறை கேட்டார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ குமிழைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ‘அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்திச்சு தம்பி, குரல் நல்லா இல்ல. அடுத்த வாரம் லாரிய அங்கேயே கொண்டாந்து நிறுத்துறேன், நல்ல சட்ட போட்டுக்கிட்டு மறுபடி எண்ணித் தரவா?’ என்று கேட்டார்.

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு தே தாரேக் சொன்னேன்.